சனிக்கிழமைப் பூ

ராயபுரம் ரயில் யார்டில், எஞ்சின்கள் சாம்பல் தள்ளும் குழியோரமாகச் சனிக்கிழமைதோறும் ஒருத்திக்குப் பூ வைப்பார்கள். தேவகிருபை முதல்முறை பார்த்தபோது ஏதோ அம்மன் காரியம் என்றுதான் நினைத்தாள்.

சாம்பலில் பாதி எரிந்த கரி பொறுக்கி விற்கிற பெண்கள் அவர்கள். வாரம் முழுக்கத் தலைக்கு எண்ணெய் காட்டாதவர்கள். சனிக்கிழமை மட்டும் ஒருத்தியை உட்கார வைத்து, எண்ணெய் தடவிப் பின்னி, கனகாம்பரம் வைத்து, ஆளுக்கொரு பிடி சோறு கொண்டுவந்து அவளை வயிறு முட்டத் தின்ன வைத்தார்கள். அவள் கூடையில் ஆளுக்கொரு கை கரியும் போட்டார்கள்.

கரிக்காரிகளின் பழக்கவழக்கங்களை எழுதத்தான் ஆராய்ச்சித் துறை தேவகிருபைக்குச் சம்பளம் கொடுத்தது. “தாய்த்தெய்வ வழிபாட்டின் எச்சம்” என்று பேராசிரியர் பூரித்துப்போனார். அவர் ஒருநாளும் ராயபுரம் பக்கம் வந்ததில்லை.

மூன்றாவது சனிக்கிழமை அவள் துணிந்து கேட்டாள். கரிக்காரிகளுக்கெல்லாம் மூத்தவளான ரோஸ்மேரி, இருந்த நாலு பல்லும் தெரியச் சிரித்தாள்.

“அம்மனா? நல்லா சொன்ன போ. ஏட்டுக்கு வாரத்துக்கு ஒரு கரித்திருட்டு கேசு காட்டணும் பாப்பா. ஒருத்தி மாட்டிக்கினா மத்தவங்க நிம்மதியா பொறுக்கலாம். அதான் முறை வச்சிக்கினுகீறோம். உள்ள போனா களிதான், அதுக்கு முந்தி நல்லா துன்னுட்டுப் போவட்டுமேன்னு சோறு.”

“அப்போ பூ?”

“யாரப் புடிக்கணும்னு ஏட்டுக்குத் தெரிய வேணாமா?”

அடுத்த முறை வேம்பு என்ற கரிக்காரியுடையது. அவளுக்கு நிறைமாதம். புருஷன் துறைமுகத்தில் மூட்டை மேலே சரிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தான். போன தடவையும் வயிற்றோடுதான் முறை வந்தது. சிறையில் பெற்ற பிள்ளையைத் துணியில் சுற்றி, புதைக்கத்தான் வெளியே கொண்டுவந்தாள்.

“அவளை விட்டுடுங்க, அக்கா,” என்றாள் தேவகிருபை. “இது அநியாயம்.”

“வுட்டுடலாம். பதிலுக்கு யாரு? அல்லாரும் ஒரு சுத்து போய்ட்டு வந்தாச்சி. ஒருத்திக்குத் தள்ளிவச்சா நாளைக்கு அல்லாரும் கேப்பாளுங்க.” ரோஸ்மேரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “நீ போறியா? உன் தலையிலயும் பூ நிக்கும்.”

பெண்கள் சிரித்தார்கள். ரோஸ்மேரி சிரிக்கவில்லை.

தேவகிருபைக்கு வண்ணாரப்பேட்டை மளிகைக் கடையும், அதில் உட்கார்ந்திருக்கும் அப்பா ஞானதுரையும் கண்முன் வந்தார்கள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் “எம் மவ பி.ஏ.” என்று சொல்கிற மனுஷன். கேஸ் என்றால் வேலை போய்விடும்.

“நான் முறைப்படி பேசிப் பார்க்கிறேன்,” என்றாள்.

“யாராண்ட?”

அவள் சொல்லவில்லை. நேரே இன்ஸ்பெக்டரிடம் போனாள். அவர் நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார். படித்த இங்கிலீஷையெல்லாம் திரட்டி, முறை, சோறு, பூ என்று ஒன்று விடாமல் சொன்னாள். ஒரு கர்ப்பிணி பிடிபட முறை போட்டிருக்கிறார்கள், உங்கள் ஆட்கள் வெட்கமில்லாமல் வந்து கூட்டிப்போகிறார்கள் என்று கோபமாகவே பேசினாள். அவர் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். தன் ஏட்டு சண்முகவேல் இத்தனை காலம் நிஜமாகவே திருடிகளைப் பிடித்துவருவதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

“ரொம்ப உபயோகமான தகவல்,” என்று எழுந்து கைகூப்பினார். பெரிதாகச் சாதித்துவிட்ட நினைப்பில் அவள் வீடு வந்தாள்.

சனிக்கிழமை ஏட்டு தனியாக வரவில்லை. லாரி வந்தது. குழியின் இரண்டு பக்கமும் லத்தியோடு ஆட்கள் இறங்கினார்கள். வேம்பு எண்ணெய் வழியும் தலையில் பூவோடு முன்னால் வந்து நின்றாள். அந்தப் பூவை ஒருத்தனும் பார்க்கவில்லை.

“கைய நீட்டுங்கடி.”

உள்ளங்கை கறுத்திருந்தவர்களையெல்லாம் லாரியில் ஏற்றினார்கள். கறுக்காத கை அங்கே ஏது? வேம்புவை மேலேயிருந்து இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள்.

தேவகிருபை ஓடிவந்தாள். “நானும்தான் பொறுக்கினேன். என்னையும் ஏத்துங்க.”

சண்முகவேல் அவள் கையைப் பார்த்தார். விரலில் மைக்கறை மட்டும் இருந்தது. அவள் குனிந்து இரண்டு கையையும் சாம்பலுக்குள் மணிக்கட்டுவரை விட்டாள். அடியில் கங்கு இன்னும் அணைந்திருக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கொப்பளித்த கைகளை நீட்டினாள்.

“தள்ளி நில்லும்மா,” என்றார் ஏட்டு. “உன்னத் தொடக்கூடாதுன்னு அய்யா சொல்லிட்டாரு. உன்னால எனக்கு மாத்தல் வந்திருக்கு, அது தெரியுமா?”

ஏட்டு சொன்னதைக் கேட்டு லாரியிலிருந்த பெண்கள் திரும்பி அவளைப் பார்த்தார்கள். ரோஸ்மேரி வேம்பு பக்கம் திரும்பினாள்.

“பூவ எடுத்துப் போடு மே. இன்னிக்கு யாரு முறையும் இல்ல.”

இரண்டு வாரம் கழித்து, கைகளில் கட்டோடு தேவகிருபை சிறை வாசலில் நின்றாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக வெளியே வந்து, அவளை விட்டு விலகிச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைசியாக வேம்பு வந்தாள். வயிறு ஒட்டியிருந்தது. கை வெறுமையாக இருந்தது. இந்தத் தடவை புதைப்பதையும் சிறைக்காரர்களே உள்ளே முடித்துவிட்டிருந்தார்கள்.

வேம்பு நின்றாள். அழுக்கேறிய கட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ரொம்ப எரியுதா?” என்று கேட்டாள்.

தேவகிருபை இல்லை என்று தலையாட்டினாள்.