சங்கு பதித்த கூடம்

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கிற ஒன்பது கல்லையும் தொட்டுச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஒன்பதாவது கல் அன்றைக்கு அலைக்குள் மூழ்கிக் கிடந்தது. அதையும் விடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், தடவிக் கண்டுபிடித்துத் தொட்டுவிட்டு, வேட்டியைப் பிழிந்து காயப்போட்ட பிறகுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஐம்பத்திரண்டாம் வருஷம். இராமநாதபுரத்தில் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தேன். தேவிபட்டினம் சங்கு வியாபாரி ஹமீது சுல்தான் ஒருநாள் வந்து இறங்கினார்.

"ஏலே உக்கிரபாண்டி, ஒன் மெஷினு வீட்டுக்குள்ள ஓடுமா?"

"கரண்டு மட்டும் குடுங்க மொதலாளி, கெணத்துக்குள்ள எறக்குனாலும் ஓடும்."

கரண்டுக்கு ஆயில் இன்ஜின் வாங்கிவிட்டேன் என்றார்.

எல்லாம் அவர் மனைவி உம்மு ஹபீபாவுக்காக. அந்த வீட்டுப் பெண்கள் கொட்டகைக்குப் போகிற வழக்கம் இல்லை. பேசும் படம் ஒன்று பார்க்க வேண்டும் என்று அந்தம்மா நிக்காஹ் ஆன வருஷத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "பாப்போம், பாப்போம்" என்று சொல்லியே சுல்தானுக்குத் தாடி நரைத்துவிட்டது. இப்போது அந்தம்மாவுக்கு நெஞ்சு கெட்டுப்போயிற்று. மழைக்காலம் வரை தாங்கினால் பெரிது என்று மதுரை டாக்டர் கைவிரித்துவிட்டார். அதற்குள் ஒரே ஒரு படத்தைப் பேச்சு புரிகிறபடி காட்டிவிட வேண்டும். அதற்காகத்தான் வீட்டுக்குப் பின்னால் புதிதாக ஒரு கூடம்.

கூடத்தின் அழகு முழுக்க அந்தம்மா படுக்கையில் கிடந்தபடியே சொல்லிச் செய்வித்தது. கீழே பளபளவென்று கருங்கல். மேலே பர்மாத் தேக்குப் பலகை. சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு. நான் அதில் முகம் பார்த்து மீசை ஒதுக்கியிருக்கிறேன். ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும்; விழுந்த ஈக்களைக் கூட்டி அள்ளத் தனியாக ஓர் ஆள் இருந்தார்.

ஆனால் அந்தக் கூடத்துக்குச் சத்தத்தை விடத் தெரியாது. மெஷின் இறக்கிய அன்றைக்கு ஒரு தும்மல் போட்டேன். இன்ஜினுக்கு எண்ணெய் விட்டு, டீ குடித்துவிட்டு வந்தால் அந்தத் தும்மல் இன்னும் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து, துண்டை வீசி வெளியே விரட்டினோம்.

படம் ஓட்டினேன். கதாநாயகன் முதல் ரீலில் கேட்ட கேள்வி நாலாம் ரீலிலும் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் கதாநாயகிக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. ஆண்கள் பார்வைக்கு மறைவாகக் கட்டிய மெல்லிய சீலைக்குப் பின்னால் கட்டிலில் சாய்ந்திருந்த அந்தம்மா இருமிக்கொண்டே கேட்டார்: "யாரு செத்தது, யாரு சிரிக்கிறது?"

"செத்தவந்தாம்மா சிரிக்கிறான்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

மறுநாள் சுல்தானிடம், "எக்கோ அடிக்குது மொதலாளி. செவரு பூரா சாக்கும் சமுக்காளமும் தொங்கவிட்டா அடங்கும்" என்றேன். சீலைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது: "நா பாத்துப் பாத்துக் கட்டுன செவரு. சாக்கு தொங்கவிடணும்னா நா போன பெறகு தொங்கவிடுங்க." சுல்தான் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

சுல்தானுக்குச் சங்கு குளித்துக் கொடுக்கிறவர் சவேரியார், இராமேஸ்வரத்துக்காரர். அவர் ஒரு பழைய வலையைச் சுண்ணாம்பில் முக்கியெடுத்துப் பலகைக்கு அடியில் மேகம் மாதிரி கட்டிவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வாசனைக்கு ஊர்ப் பூனை முழுக்க வந்து சேர்ந்தது. ஒரு பூனை கத்தினால் கூடம் அதை நூறாக்கிக் கொடுத்தது. "ஏலே பாண்டி, நீ படம் ஓட்டுற ஆளா, பூனை மேய்க்கிற ஆளா?" என்று சவேரியார் என்னைத்தான் கேட்டார், வலை கட்டினவர்.

வலையைக் கழற்றியபோது ஆவணி முடிந்துவிட்டது. அந்தம்மா எழுந்து உட்காருவதும் நின்றுபோனது. கட்டிலோடு தூக்கித்தான் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அப்போதுதான் சுல்தானுக்கு அந்த யோசனை வந்தது. வாழ்நாள் முழுக்கச் சங்கைக் காதில் வைத்துப் பார்த்து விலை பேசியவருக்கு வேறு என்ன தோன்றும்?

"சங்கு கடலையே முழுங்கி வச்சிருக்குல்ல? ஒரு படத்தோட சத்தத்தை முழுங்காதா?"

"முழுங்கும் மொதலாளி," என்றார் சவேரியார். "முழுங்குனதைத் திருப்பித் தருமான்னு யோசிச்சியளா?"

சுல்தான் யோசிக்கவில்லை. கல்கத்தாவுக்கு வளையல் அறுக்கப் போகவிருந்த மூட்டைகளைப் பிரித்தார். சுவர் உச்சியில் நாலு பக்கமும், வாய் கூடத்தைப் பார்க்கிறபடி, மல்லிகைச் சரம் தொடுத்தது போலச் சங்குகளைப் பதித்தார்கள். அந்தம்மா பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ்! இதைத் தொடக்கத்துலயே செஞ்சிருக்கலாம்ல?" என்றாராம்.

அன்று சாயங்காலம் படம் போட்டேன். எதிரொலி சுத்தமாக இல்லை. சத்தமும் இல்லை. கதாநாயகன் வாயசைத்தான், இன்ஜின் அதிர்ந்தது, நான் கையிலிருந்த ரீல் டப்பாவைத் தரையில் போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் அந்தச் சங்குகள் குடித்துவிட்டன.

சீலைக்கு உள்ளே சுல்தான் கட்டில் மேல் குனிவது நிழலாகத் தெரிந்தது. வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். வெளியே வந்து என் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே வந்த பிறகுதான் அவர் அழுவது காதில் விழுந்தது.

"ஏதோ சொன்னா பாண்டி. வாய்கிட்டக் காதை வச்சேன். எனக்கு முந்தி அதுக குடிச்சிருச்சு."

மறுபடி சொல்ல அந்தம்மாவுக்கு மூச்சு இருக்கவில்லை. விடிவதற்குள் மௌத்தாகிவிட்டார்.

சுல்தான் வியாபாரத்தை விட்டார். கூடத்திலேயே பாயைப் போட்டு, சங்குகளைப் பார்த்தபடி கிடந்தார். "காத்தடிச்சா கக்கும் மொதலாளி" என்று சவேரியார் ஆறுதலுக்குச் சொல்லிவைத்ததைப் பிடித்துக்கொண்டார். வாடைக்காற்று திரும்பியதும் கக்கத்தான் செய்தன. கதாநாயகன் கேள்வி வந்தது, செத்தவன் சிரிப்பு வந்தது, என் டப்பா விழுந்த சத்தம் வந்தது, இன்ஜின் ஒரு பகல் முழுக்க ஓடியது. அந்தம்மா சொன்னது வரவில்லை. ஏணி வைத்து ஒவ்வொரு சங்காகப் பெயர்த்து, தாடியை ஒதுக்கிக் காதில் வைத்துக் கேட்டார். கடைசிச் சங்கிலும் கடல்தான் இருந்தது. அதை அவர் கீழே வைக்கவில்லை. நான் ஊருக்குக் கிளம்பியபோதும் காதோடுதான் இருந்தது.

ஒன்பது கல்லையும் தொட்டவன், நிஜத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்: அந்தக் கூடத்துக்குக் கூரை போடவே இல்லை; சுவர் ஆளுயரம் எழும்பியிருந்தபோதே உம்மு ஹபீபா மௌத்தாகி, வேலை அன்றோடு நின்றுபோனது.