மாடி ஷவர்

தொட்டியின் அடிக்குழாயை அவள் திறந்துவிட்டதும் துருநிறத் தண்ணீர் கிணற்றடிச் சிமெண்டில் பாய்ந்தது. முழங்கால் நனைந்தது. அவள் நகரவில்லை.

"இன்னிக்கு இதெல்லாம் தேவையா?" அண்ணன் பின்னால் வந்து நின்றான். கையில் போன். "டாக்டர் என்ன சொல்லிட்டுப் போனாரு, காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு. அதான் இன்னிக்கே பண்றேன்."

பொழுது சாயும்வரை தாங்கினால் பெரிய விஷயம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள். அவர் படியிறங்கியதும் கண்ணைத் திறந்து, "நான் குளிக்கணும்" என்றாள். நர்ஸ் ஈரத்துணியோடு குனிந்தபோது அதைத் தட்டிவிட்டாள். சலவைக்கடை வைத்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். "ஊர் அழுக்கையெல்லாம் தண்ணி கொட்டி அலசினவ நான். என்னைத் துணி போட்டுத் துடைக்கிறியா? நான் என்ன மேசையா?" பக்கெட்டில் கொண்டுவந்து ஊற்றுகிறோம் என்றார்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஷவர்தான் வேண்டும். தலையில் கொட்ட வேண்டும், போதும் என்று அவள் சொல்லும்வரை கொட்ட வேண்டும்.

மாடி ஷவர் கொட்டி வெகுகாலம் ஆயிற்று. திறந்தால் மூக்கு ஒழுகுவதுபோல் ஒழுகும்.

கிணற்று மோட்டார் தண்ணீரை இந்த இரும்புத் தொட்டிக்குள் தள்ளும். தொட்டிக்குள் அடைத்திருக்கும் காற்று அந்தத் தண்ணீரை நெருக்கி வீட்டுக் குழாய்களுக்கு அனுப்பும். அந்தக் காற்றைப் பற்றி இந்த வீட்டில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. ஒரு குழாயைத் திறந்தால் போதும், மோட்டார் விக்கல் எடுத்ததுபோல் டக் டக்கென்று ஓடுவதும் நிற்பதுமாக இருக்கும். அண்ணனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். அழுத்தம் கூடட்டும் என்று மோட்டார் சுவிட்ச் பெட்டிக்குள் இருக்கும் நட்டை இன்னும் ஒரு சுற்று முறுக்குவான்.

"அந்த நட்டை முறுக்கினா போதும். நான் எத்தனை தடவை சரி பண்ணியிருக்கேன்."

"சரி பண்ணியிருந்தா எதுக்கு எத்தனை தடவை?"

அவன் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. "ஆமா மாமா. இல்ல, இன்னும் இல்ல. ஆனதும் சொல்றேன்."

"என்ன ஆனதும்?" என்றாள்.

அவன் தோட்டப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மோட்டார் கடைக்காரர் நாளைக்கு வருகிறேன் என்றார். நாளைக்கு வேண்டாம், இப்போது என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்கள் என்று அவள் போனிலேயே மனிதரைப் பிடித்து உலுக்கியிருந்தாள். அவர் சொன்னபடியே செய்தாள். மோட்டாரை நிறுத்து, தொட்டியைக் காலி செய், உச்சியில் டயர் வால்வு மாதிரி ஒன்று இருக்கும், ஊசியை அழுத்திப் பார். தண்ணீர் பீச்சினால் உள்ளே ரப்பர் பை கிழிந்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது; காற்று குறைந்திருந்தால் பம்பு வைத்து அடி. அழுத்தினாள். தண்ணீர் வரவில்லை. காற்றும் வரவில்லை. அக்கம்பக்கத்தில் சைக்கிள் பம்பு வாங்கிவந்து, தோள் கழன்று போகிற அளவுக்கு அடித்தாள். அண்ணன் முறுக்கியதையெல்லாம் தளர்த்திவிட்டு மோட்டாரைப் போட்டாள்.

தொட்டியிலிருந்த அழுத்த அளவுகாட்டியின் முள் இந்தத் தடவை துள்ளவில்லை. நிதானமாக ஏறி நின்றது. மோட்டார் அடங்கியது. உள்ளே அண்ணி "ஐயோ!" என்று கத்தினாள். சமையலறைக் குழாய் சீறிப் பாத்திரத்தைப் புரட்டிவிட்டது.

படிகளைத் தாவி ஏறினாள். ஷவரைத் திறந்தாள். பழையபடி நூலாக ஒழுகியது.

"வந்துச்சா?" கட்டிலிலிருந்து அம்மா கேட்டாள். குரலில் பாதிக்குமேல் மூச்சுதான்.

"இன்னும் இல்லம்மா."

"அப்ப நான் இருக்கேன்."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். அம்மா விளையாட்டுக்குச் சொன்னதாக மகளுக்குத் தோன்றவில்லை. ஷவரைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கீழே ஓடினாள்.

கீழே சீறுகிறது, மேலே ஒழுகுகிறது. அப்படியானால் கோளாறு நடுவில்தான். சமையலறைச் சுவரிலிருந்து குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனாள். மாடிப்படிக்கு அடியில், செருப்புகளையும் பிய்ந்த பெட்டி ஒன்றையும் இழுத்துப் போட்டதும், சுவரோரம் மாடிக்கு ஏறும் குழாயில் ஒரு வால்வு. முக்கால்வாசி மூடியிருந்தது.

"அதை நான்தான் மூடினேன்." அண்ணி கையைத் துடைத்தபடி பின்னால் நின்றிருந்தாள். "அத்தை மேல குளிச்சா கீழ சொட்டு வராது. பாத்திரம் சோப்போட கிடக்கும். கொஞ்சம் மூடினேன். உங்க அண்ணன் வெளிய போய் நட்டை முறுக்கினாரு, திரும்பவும் எல்லாம் மேலயே போச்சு. இன்னும் கொஞ்சம் மூடினேன்."

"அவன்கிட்ட சொல்லலியா?"

"சொன்னா என்னை முறுக்குவாரு."

வாயில் வந்ததை அண்ணியிடம் கொட்டியிருக்கலாம். நேரமில்லை.

"ஒரு நாளாவது தண்ணி கம்மியா வருதுன்னு என்கிட்ட கேட்டிருக்கலாமே உங்கம்மா" என்றாள் அண்ணி. "கேட்டிருந்தா திறந்துவிட்டிருப்பேன். கேக்கமாட்டாங்க. வீம்பு."

"இதைப் பிடிங்க."

வால்வு இறுகிக் கிடந்தது. துணியைச் சுற்றி இருவரும் சேர்ந்து திருப்பினார்கள். முதலில் அசையவில்லை. பிறகு முறிகிற சத்தத்தோடு சுழன்றது. சுவருக்குள் குழாய் உறுமியது. மேலே, காலி பாத்ரூமில், தண்ணீர் தரையை அறைகிற சத்தம் கேட்டது.

அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள்.

படி உச்சியில் நர்ஸ் வந்து நின்றாள். இறங்கவில்லை. "அக்கா" என்றாள். கீழிருந்து மகள் ஓடி ஏறினாள்.

அம்மாவின் முகம் சுவர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு கை போர்வைக்கு வெளியே.

"தண்ணி சத்தம் வந்தப்ப அவங்க..." என்று நர்ஸ் தொடங்கினாள்.

"வேண்டாம். சொல்லாத."

அண்ணன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். பேசிக்கொண்டே பாத்ரூம் பக்கம் போனான்.

"நிறுத்தாத" என்றாள் அவள்.

"என்னது?"

"ஷவரை. அம்மா குளிக்கணும்."

"பைத்தியமா உனக்கு? மாமா எல்லாரும் கிளம்பியாச்சு. நர்ஸ் துடைச்சு, நல்ல துணி மாத்திவிடட்டும்."

"துடைக்கக் கூடாதுன்னு காலையிலேயே சொல்லிட்டா."

"அது உயிரோட இருந்தப்ப! இப்ப என்ன தெரியப்போகுது அவளுக்கு? கீழ ஆள் வந்து நிக்கும்போது நாம பாத்ரூம்ல கூத்தடிச்சிட்டு இருந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேரும் வீட்டுல குளிச்சிட்டுதான் வருவாங்க." அவள் போர்வையை உருவினாள். "தலைப்பக்கம் பிடி. இல்லன்னா வெளிய போ."

அவன் வெளியே போனான்.

அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். இத்தனை நாள் சாப்பிடாத உடம்பு எப்படி இவ்வளவு கனக்கிறது என்று புரியவில்லை. மறுபடி மூச்சுப்பிடித்தாள். நர்ஸ், "எங்க ஆபீஸ்ல இதுக்கெல்லாம் விடமாட்டாங்க அக்கா" என்று முனகிக்கொண்டே இடுப்பைத் தாங்கினாள். கால்மாட்டில் யாரோ பிடிப்பது தெரிந்தது. அண்ணி. ஈரக் கைகளை நைட்டியில் துடைத்துவிட்டு இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"முதல்ல நாற்காலியைப் போடுங்க" என்றாள் அண்ணி. "பிளாஸ்டிக் நாற்காலி. கைப்பிடி வச்சது."

உட்காரவைத்தார்கள். நர்ஸ் வெளியேறிக் கதவைச் சாத்தினாள். தலை முன்னால் விழாமல் அண்ணி பின்னாலிருந்து தாடையைத் தாங்கிக்கொண்டாள். தண்ணீர் அம்மாவின் உச்சியில் விழுந்து, நரைத்த முடியைப் பிரித்து, காதோரம் வழிந்து, அண்ணியின் முழங்கைவரை நனைத்தது. அண்ணி ஒதுங்கவில்லை. மகள் சோப்பை எடுத்து முதுகில் ஆரம்பித்தாள். பிறகு கைகள். சலவைச் சோடாவில் வெந்து மரத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத் தேய்த்தாள். நுரை வடிகாலைச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தது.

தலைக்கு ஷாம்பு போட்டு அலசி முடித்தபோது கதவு தட்டப்பட்டது.

"வந்துட்டாங்க" என்றான் அண்ணன். கொஞ்சம் பொறுத்து, இன்னும் பலமாக: "கேக்குதா? எல்லாரும் வந்துட்டாங்க!"

"உக்காரச் சொல்லுங்க" என்றாள் அண்ணி.

மகள் ஷாம்பு பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கை நிறையப் பிழிந்துகொண்டு, இரண்டாவது தடவை தேய்க்க ஆரம்பித்தாள்.