மஞ்சள் இலைச் செடிகள்

ஐஸ் பெட்டியோடு வயலில் இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். பாத்தி முழுக்கப் பச்சை. மஞ்சள் செடி ஒன்றுகூட இல்லை.

மூன்று வருட உழைப்பு. கதிர்வீச்சுக் கொடுத்த பாசிப்பயறில் இலை ஒடுங்கி, மஞ்சளாக ஒரு செடி முளைத்தது. அதை நல்ல செடியோடு கலந்து, பேரன் பேத்தித் தலைமுறை வரை வளர்த்தேன். நானூறு செடிகளில் நூறு மஞ்சளாக வந்தன. இலையைக் கெடுத்த மரபணு எந்தக் குரோமோசோமில், எந்த இடத்தில் இருக்கிறது என்று அந்த நூற்றை வைத்துத்தான் தேட வேண்டும். அன்றைக்குத்தான் டி.என்.ஏ. எடுக்க இலை கிள்ள வந்தேன்.

நாச்சியம்மாள் பதினெட்டு வருடமாக இந்தப் பண்ணையில் தினக்கூலி. "வாங்க அம்மணி! மஞ்சத் தேமல் உளுந்திருந்துச்சுங்க. ஒண்ணு உடாம புடுங்கித் தீ வெச்சுப்போட்டேனுங்க" என்றாள் பெருமையாக. பயறு வயலில் மஞ்சளைக் கண்டால் நோய், உடனே பிடுங்கி எரி என்று அவளுக்குப் பழக்கியதே நாங்கள்தான்.

"ஆருங்க்கா புடுங்கச் சொன்னது?"

"பாலுசாமி சாருதானுங்க. வெளியூர்ல இருந்து பாக்க வாராங்களாம். எல்லா வயலும் சுத்தமா இருக்கோணும்னாருங்க."

பாலுசாமி என் முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டிப் பேராசிரியர். என் பாத்தியை மட்டும் விட்டுவிடு என்று சொல்ல அந்த மகானுக்கு மறந்துபோயிற்று.

மதியம் அவர் அறையில் ஒரு தாளை நீட்டினார். தொழிலாளி தன்னிச்சையாகச் செடிகளை அழித்துவிட்டார் என்றிருந்தது. சாட்சிக்கு என் கையெழுத்து வேண்டுமாம்.

"சார், நீங்கதானுங்களே..."

"திரும்ப வெதைக்க ஒரு வருஷம் நீட்டிப்பு வேணுமில்ல பூஜிதா? அதுக்கு நாந்தான் எழுதிக் கொடுக்கோணும்."

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. கையெழுத்துப் போட்டேன்.

மறுநாளே நாச்சியம்மாளை இனி வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். சோற்றுத் தூக்குப்போசியோடு பண்ணை வாசலில் நின்றிருந்தாள். நான் பார்க்காததுபோல் வண்டியைத் திருப்பினேன். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க படிப்பையே கெடுத்துப்போட்டேனாமுங்க அம்மணி. சத்தியமா எனக்குத் தெரியலீங்க. மன்னிச்சுப்போடுங்க."

அழுதாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"பரவாயில்லீங்க்கா, உடுங்க" என்றேன். மன்னித்தேனாம், நான்.