மெலெசீனி வீட்டுப் பங்கு

கடற்கரையில் தென்னோலை விரித்து, பிடித்துவந்த சூரை மீன்களைக் குவியல் குவியலாகப் போட்டிருந்தார்கள். பங்கு பிரிப்பவன் பெயரைக் கூப்பிடக் கூப்பிட, அந்தந்த வீட்டார் கூடையில் அள்ளிக்கொண்டு போனார்கள். தலைக்கு ஒரு மீன். கடலுக்குப் போனவனுக்கும் ஒன்று, வீட்டில் குறட்டை விட்டவனுக்கும் ஒன்று. பசிபிக் கடல் நடுவில் இருக்கும் டோக்கலாவ் தீவுக்காரர்கள் இந்தப் பங்கைப் பற்றிப் பீற்றிக்கொள்ளாத நாள் கிடையாது.

மெலெசீனி வீட்டுப் பெயரை மட்டும் மூன்று வாரமாக யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் தாண்டிப் போனவன் அவளுடைய சொந்தத் தம்பி பெலேனாத்தோ. அக்காளைப் பட்டினி போடுகிறவனை இந்தத் தீவில் மனிதக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். ஆனால் மூப்பர் சபையே போடச் சொன்னால் அது ஒழுங்கு.

அவள் செய்த குற்றம் வாயைத் திறந்தது. கொடி நியூசிலாந்துக்காரனுடையது, ஊர் நரைத்த தலைகளுடையது. அந்நியக் கப்பல்கள் மீன்பிடி உரிமத்துக்குக் கொடுத்த பணத்தில் கடல்சுவர் எழுப்பினார்கள். மூப்பர்கள் வீடு இருக்கும் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். இந்தப் பக்கம் அலை அவள் அம்மாவின் கல்லறையை அரித்துக்கொண்டிருந்தது. கப்பலில் வந்த நியூசிலாந்து அதிகாரியிடம் ஊர் முன்னாலேயே அதைச் சொல்லிவிட்டாள். அவர் நோட்டில் எழுதிக்கொண்டு கப்பலேறினார். அதோடு சரி.

ஊர்க்கடையிலும் அவளுக்கு எதுவும் கொடுக்கக் கூடாதென்று உத்தரவு. இருந்த அரிசி தீர்ந்தது. பிள்ளைகள் தேங்காயைத் தின்று வயிறு கலங்கிக் கிடந்தபோது தம்பி வந்து வாசலிலேயே நின்றான்.

"அக்கா, பிள்ளைங்க ரெண்டு பேரையும் என் வீட்டுத் தலைக்கணக்குல சேர்த்துட்டேன். சபையும் சரின்னுடுச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"பட்டினி கிடக்கட்டும்னு விடச் சொல்றியா?"

"என் பேரைக் கூப்பிடச் சொல்றேன். நாக்கு இருக்கில்ல உனக்கு?"

"சொன்னது பொய்னு சபையில சொல்லிடு. மறுநாளே கூப்பிடுறேன்."

"கல்லறைக்குள்ள கடல் வருதுடா. அவ உனக்கும் அம்மாதான்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு பிள்ளைகளைக் கூட்டிப்போனான்.

பத்தாம் நாள் சின்னவள் லகி வந்து எட்டிப் பார்த்தாள். "மாமா வீட்டுல தினம் மீனும்மா. நீ பொய்க்காரியாமே, அத்தை சொன்னாங்க." அவ்வளவுதான். மெலெசீனியின் வைராக்கியம் உடைந்துபோனது. பிள்ளைகள் திரும்பி வந்தால் போதும் என்று நேரே சபைக்குப் போய் மண்டியிட்டாள்.

"பொய் சொல்லிட்டேன்."

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கலை," என்றார் ஒரு மூப்பர்.

"பொய் சொல்லிட்டேன்."

"சுவர் எந்தப் பக்கம் இருக்கு?"

"எல்லாப் பக்கமும்."

"அலை?"

"வரலை."

சிரித்தார்கள்.

மறுநாள் பெரிய கூடையாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போனாள். தம்பி சொன்ன சொல் தவறவில்லை.

"மெலெசீனி வீடு. ஒரு தலை."

ஓலையில் ஒற்றை மீன் கிடந்தது. அவள் நகரவில்லை.

"பிள்ளைங்க?"

"அவங்க என் கணக்குலயே இருக்கட்டும்னு சபை சொல்லிடுச்சுக்கா." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பொய் சொல்ற வீட்டுல பிள்ளைங்க வளரக் கூடாதாம். நீயே ஒத்துக்கிட்டியே."

லகி மாமா வீட்டுக் கூடையின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனாள். பெலேனாத்தோ அடுத்த வீட்டுப் பெயரைக் கூப்பிட்டான்.