மூன்று கோப்பை ஆம்பர்

பென்ட் நகரத்தின் அந்தச் சின்ன பீர் ஆலையைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கியபோது, அங்கே பீர் காய்ச்சும் வெர்னன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: தான் உருவாக்கிய ஆம்பர் பீரின் பக்குவத்தில் கை வைக்கக் கூடாது. புதிதாக வந்த மேலாளர் டெஸ்ஸா மறுக்கவில்லை. வேறு வகை முளைகட்டிய பார்லி மால்ட் போட்டு ஒரு தொட்டி காய்ச்சுவோம்; உங்களுடையது எது என்று ருசி பார்த்துச் சொல்லிவிட்டால் பழையதே இருக்கட்டும் என்றாள்.

"மூக்கப் பொத்திக்கிட்டுக் குடிச்சாக்கூடச் சொல்லிடுவேன்" என்று சிரித்தார் வெர்னன்.

புதுத் தொட்டி தயாரானதும், அவரோடு ஆரம்பத்திலிருந்தே வேலை செய்யும் ஐனெஸ்தான் ஊற்றி வைத்தாள். நிறம் காட்டிக் கொடுக்காதிருக்க நீலக் கோப்பைகள். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மட்டும் வேறு. எதில் எது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

முதல் கோப்பையில் வறுத்த ரொட்டியின் மேல்தோல் வாசனை. பிறகு காய்ச்சிய சர்க்கரை, கருகுவதற்குச் சற்று முந்திய பதம். கடைசியில் பைன் பிசின் போன்ற கசப்பு அடிநாக்கைச் சுரண்டியது. இரண்டாவதும் அப்படியே. வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு மூன்றாவதை எடுத்தார். இனிப்பு உருண்டு திரண்டு வந்தது. கசப்பு மெதுவாக வந்து, தங்காமல் போயிற்று.

"இதுதான் என் ஆம்பர். மத்த ரெண்டும் தொண்டைய அறுக்குது. இதைப்போய் மனுஷன் குடிப்பானா?"

டெஸ்ஸா ஐனெஸைப் பார்த்தாள்.

"ஆமா, வெர்ன். அதுதான் உங்களோடது" என்றாள் ஐனெஸ்.

வெர்னன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் சொன்னதை ஐனெஸ் ஒரு தரம்கூட மல்லுக்கட்டாமல் ஒத்துக்கொண்டதில்லை. கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ போதாது என்பாள், சூடு அதிகம் என்பாள், உங்கள் நாக்கை அடகு வைத்துவிட்டீர்களா என்பாள். இப்போது மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேசையில் துடைக்க ஒன்றுமில்லை.

பேசாமல் இருந்துவிட்டால் போதும், அவருடைய ஆம்பர் பிழைத்துக்கொள்ளும். தொட்டிக்குத் தொட்டி ஒரு வாய் சரிபார்ப்பதோடு சரி; உட்கார்ந்து ஒரு முழுக் கோப்பை குடித்து எவ்வளவு காலமாயிற்று என்று அவருக்கு நினைவில்லை.

"அவ எனக்காகச் சொல்றா. இது உங்க மால்ட்ல காய்ச்சினது. இதையே போடுங்க, நல்லாத்தான் இருக்கு" என்றார் டெஸ்ஸாவிடம்.

இருவரும் போன பிறகு தன் ஆம்பர் இருந்த முதல் கோப்பையை இழுத்து வைத்துக்கொண்டார். பிடிக்கவில்லைதான். ஆனாலும் கடைசிச் சொட்டுவரை நிதானமாகக் குடித்தார்.