வீட்டிலிருந்து போகும் வழி

"அப்பா, நம்ம வீட்டுக்கு வர்றதெல்லாம் ஓடி வருது. நம்ம குடுக்கறது மட்டும் ஏன் நொண்டி நொண்டிப் போகுது?"

முதிந்தா இப்படிக் கேட்டபோது அவளுக்கு நாலு வயது. அவள் அப்பா சீலோ ஒரு சர்வர் பெட்டியை வாங்கி, படங்களையும் குடும்ப வீடியோக்களையும் தேவாலயப் பாடல்களையும் அதில் நிரப்பியிருந்த புதிது. எங்கிருந்தோ வருகிற எதுவும் நொடியில் வீட்டுக்குள் இறங்கியது. வீட்டிலிருந்து வெளியே போகிற வழிதான் குறுகல். தெளிவான படம் ஒன்று போனாலே அடைத்துக்கொள்ளும்.

"நெட் குடுக்கறவங்க அப்படித்தான் வெச்சிருக்காங்க கண்ணு" என்று அன்றைக்குச் சொல்லிச் சமாளித்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஜெபங்களில் அந்தக் கேள்வி அடிக்கடி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். பெட்டியில் இருப்பதை அவரவர் ஊரிலிருந்தே பார்க்கக் கடவுச்சொல்லைக் கேட்ட உறவுக்கும் நட்புக்கும் இல்லையென்று சொல்லாமல் கொடுத்ததும் அதனால்தான்.

இப்போது முதிந்தா இந்தியாவில், ஒரு மருத்துவமனைக் கட்டிலில், அம்மாவோடு இருந்தாள். இதயத்தில் ஓட்டை. இன்றைக்கு அறுவை சிகிச்சை. அழக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அழுதால் மூச்சு ஏறி உதடு நீலமாகிவிடும். அப்படியானால் இன்றைக்கு வேண்டாம் என்று நிறுத்திவிடுவார்கள். அடுத்த முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

முந்தின நாள் அவர்கள் வீட்டு நாய் ஜெரி குட்டி போட்டிருந்தது. குட்டிகளைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன் என்று முதிந்தா சொல்லிவிட்டாள். சீலோ மண்டியிட்டு வெகுநேரம் படமெடுத்து சர்வரில் ஏற்றி வைத்திருந்தான்.

லுசாகா வீட்டில் அப்போதுதான் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மனைவி லுயாண்டோ போனில் இருந்தாள்.

"முதிந்தா அப்பா, வட்டம்தான் சுத்துது. படம் வரல."

"கொஞ்சம் பொறு. பாக்கறேன்."

"தள்ளுவண்டியைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்திட்டாங்க. இவ உதட்டைப் பிதுக்கிட்டா."

சீலோ எழுந்து முற்றத்துக்கு ஓடினான். கரியடுப்பில் தங்கை சிபேகோ விதும்புவா மாவுருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய போன் கிடந்தது.

"உன் போன் என்ன பண்ணிட்டிருக்கு?"

"நேத்து கல்யாணப் பொண்ணுக்குப் பண்ணின விருந்து போட்டோ எல்லாம் தானா மேல ஏறிட்டிருக்கு அண்ணா."

"எத்தனை?"

"அறுநூறு இருக்கும்."

"பொண்ணு ஒருத்திதானே?"

"பொண்ணு ஒருத்தி. சித்தெங்கே துணியை எத்தனை விதமா கட்டிட்டு வந்தாங்க தெரியுமா?" சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். மறுபேச்சில்லாமல் மாவுக் கையோடு போனை அணைத்தாள்.

திரும்பி வந்து பார்த்தான். வட்டம் இன்னும் சுற்றியது. சர்வரின் பக்கத்தைத் திறந்தான். முதிந்தாவின் பெயருக்கு மேலே இன்னொரு பெயர் ஓடிக்கொண்டிருந்தது. ண்டோலா ஊரில் பா கசுபா.

அவன் கை நின்றது.

பா கசுபா முன்பு பக்கத்து வீட்டுக்காரர். வாதம் அடித்துப் படுத்த பிறகு மனைவியின் ஊருக்குப் போய்விட்டார்கள். காலையில் தேவாலயப் பாடகர்களின் பதிவு ஓடினால்தான் அவர் வாய் திறப்பார். பாட்டு ஓட ஓட மனைவி கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டுவாள். நடுவில் பாட்டு நின்றால் பல்லைக் கடித்துக்கொள்வார். பிறகு சாயங்காலம் வரை பட்டினிதான். இங்கிருந்து அவருடைய படத்தின் தெளிவைக் குறைத்தாலும் பாட்டு ஒருமுறை அறுந்துதான் மறுபடி ஓடும்.

"என்னங்க ஆச்சு?"

"வேற ஒருத்தர் பாத்துட்டிருக்காங்க."

"யாரா இருந்தா என்ன, கட் பண்ணுங்க. அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கலாம்." லுயாண்டோவின் குரல் உடைந்தது. அதன் பின்னாலேயே குழந்தையின் விசும்பல் கேட்டது.

ஒரு பொத்தான்தான். விரல் அதன்மேல் இருந்தது.

நாடெங்கும் பெட்ரோல் கிடைக்காத ஒரு வாரத்தில்தான் முதிந்தா பிறந்தாள். செத்துப்போன தன் தம்பியை அடக்கம் செய்யப் போவதற்காகச் சேர்த்து வைத்திருந்த பெட்ரோலில் லுயாண்டோவைப் பிரசவத்துக்கு ஏற்றிக்கொண்டு போனவர் பா கசுபா. அடக்கத்துக்கு அவர் போகவில்லை. அதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதுமில்லை. பல வருடம் கழித்து யாரோ சொல்லித்தான் சீலோவுக்கே தெரிந்தது. லுயாண்டோவுக்கு இன்னும் தெரியாது.

"ஆண்டவரே" என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

விரலை எடுத்தான். முதிந்தாவின் பெயருக்கு நேரே தெளிவைக் குறைத்தான். மறுபடியும் குறைத்தான், அடிமட்டம் வரை. அதில் குட்டிகள் வெறும் மண்ணாங்கட்டிகளாகத்தான் தெரியும். பார்த்துவிட்டு இன்னும் பலமாக அழுவாளோ என்று பயந்தான்.

வட்டம் நின்றது.

"வந்துருச்சு" என்றாள் லுயாண்டோ. "ஆனா ஒண்ணும் சரியா தெரியல."

சீலோ போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"அப்பா" என்றாள் முதிந்தா. "ஜெரி சேத்துல விழுந்துச்சா?"

"இல்ல கண்ணு. படம் அப்படி."

"ஒண்ணு, ரெண்டு, மூணு... இது குட்டியா, ஜெரியோட காலா?"

"எனக்கும் தெரியலயே."

"அஞ்சா ஆறாப்பா?"

எண்ணிக்கை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"நீ வந்து எண்ணிச் சொல்லு."

"காதுகிட்ட வெள்ளையா தெரியுதே, அந்த வெள்ளைக் காதுக்காரன் எனக்கு. அதுக்குள்ள யாருக்கும் குடுத்துராதீங்க. அத்தை கேட்டாலும் குடுக்காதீங்க."

"அத்தைக்கு போட்டோவே போதும்."

சிரித்துவிட்டாள். வண்டிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. ஐந்து, ஆறு என்று அவள் யாரிடமோ வழக்காடிக்கொண்டே போனாள். கதவு மூடியது.

"அழாம போறா" என்றாள் லுயாண்டோ. அவள்தான் அழுதாள். "அது யாருங்க? நான் கோவத்துல பேசிட்டேன்."

"யாரோ சாப்பிட்டுட்டிருந்தாங்க. விடு. ஜெபம் பண்ணு."

போனை வைத்துவிட்டுத் திரையின் முன் தனியாக உட்கார்ந்தான். முதிந்தாவின் பெயர் மறைந்திருந்தது. பா கசுபாவின் பெயர் மட்டும் அறுபடாமல் ஓடிக்கொண்டிருந்தது. கடைசிப் பாட்டு வந்தது, முடிந்தது. அந்தப் பெயரும் தானாகவே அணைந்தது.

ண்டோலாவில் கிண்ணம் காலியாகியிருக்கும்.