படத்தில் உள்ளபடியே

யானை வயலுக்குள் நுழைந்தால் ஊதும் சைரனுக்கான சர்க்கிட் போட்டைத் துசாந்தினிதான் வரைந்தாள். மட்டக்களப்பு வாவிக் கரையிலிருந்த அந்தச் சின்னக் கம்பனியில் அவள் சேர்ந்து எட்டு மாதம். சிவதர்சன் அங்கே ஆறு வருடமாக இருக்கிறான். ஆனாலும் முதலாளி ஞானமணி வேலையை அவளிடம்தான் கொடுத்தார்.

பாகங்களைப் பொருத்தி அனுப்பும்படி சீனத் தொழிற்சாலை ஒன்றிடம் அறுபது போட்டுகள் கேட்டிருந்தார்கள். பெட்டி வந்ததும், ஞானமணி பக்கத்தில் நிற்க, முதல் போட்டில் பற்றரியைக் கொழுவினாள். விளக்கு எரியவில்லை. அடுத்ததும் எரியவில்லை. பத்தாவதோடு ஞானமணி எழுந்து போய்விட்டார்.

மீற்றரை வைத்துப் பார்த்தபோது பிடிபட்டது. மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டுமே விடும் டயோட், அது உள்ளே வரும் இடத்தில், எல்லாப் போட்டிலும் தலைகீழாக இருந்தது. கம்பனியின் பொது மின்னஞ்சலைத் திறந்தாள். தொழிற்சாலை முன்பே கேட்டிருந்தது: 'உங்கள் படத்தில் டயோட்டின் பக்கத்தைக் காட்டும் கோடு மாறியிருப்பதுபோலத் தெரிகிறது. திருப்பிப் பொருத்தவா?' பதிலும் போயிருந்தது: 'வேண்டாம். படத்தில் உள்ளபடியே பொருத்துங்கள்.' அடியில் சிவதர்சனின் பெயர்.

"அண்ணா, இது பிழையெண்டு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்." அவன் தேநீரை ஊதிக் குடித்தான். "துசாந்தினி பிழையே விடமாட்டா எண்டுதானே எல்லாரும் சொல்றாங்க. விட்டா எப்பிடி இருக்கும் எண்டு பாக்க ஆசையா இருந்திச்சு."

மின்னஞ்சலை ஞானமணியிடம் காட்டினாள். அவர் முழுவதும் வாசித்தார்.

"கோட்ட மாத்திப் போட்டது ஆரு புள்ள?"

"நான்தான் சேர்."

"பிறகென்ன? வெள்ளிக்கிழமை வெல்லாவெளி வயல்காரருக்குக் காட்டவேணும். இருந்து திருத்து."

அறுபது டயோட்டையும் சூடாக்கிக் கழற்றி, திருப்பிப் பொருத்தினாள். இரண்டு விரல்கள் கொப்பளித்துப்போயின.

வெல்லாவெளியில் சைரன் நன்றாகவே ஊதியது. கமக்காரர்கள் கைதட்டினார்கள். சிவதர்சன் மைக்கை எடுத்தான்.

"போட்டெல்லாம் பிழையாத்தான் வந்தது. எங்கட ஆக்களுக்கு அது பிடிபடல்ல. நான்தான் கண்டுபிடிச்சுத் திருத்துவிச்சன்."

துசாந்தினி ஞானமணியைப் பார்த்தாள். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில் அவளுடைய அப்பா வேலப்போடி இருந்தார். போன போகம் பாதி வயலை யானைக்குக் கொடுத்தவர். எழுந்து வந்து சிவதர்சனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என்ட மகளுக்கும் வேலையப் பழக்கி உடுங்க தம்பி."

"பழக்குறன் ஐயா. அவக்குக் கொஞ்சம் மெதுவாத்தான் விளங்கும்."

அப்பா கூச்சத்தோடு சிரித்தார். மகள் பக்கம் திரும்பி, "கேட்டியா புள்ள? தம்பிர சொல்லக் கேட்டு நட" என்றார்.

"ஓம் அப்பா."

"அந்தச் சாமானெல்லாத்தையும் பெட்டிக்குள்ள வை," என்றான் சிவதர்சன். வைத்தாள்.